லியாங் விட்டுப்போன பூட்டு

13 ஜூலை 2025, ஞாயிறு

இன்று என் மானம் ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் ஊறியது.

அண்ணன் பேத்திக்கு ராயபுரத்தில் ஞானஸ்நானம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு எண்ணூர் யார்டிலிருந்து ரயில் பிடித்து ஓடிவந்தேன். பேண்ட்டை வாளியில் ஊறப் போட்டேன், வேட்டி கட்டினேன், போனை அணைத்துவிட்டுக் கோயிலில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் பூட்டின் சாவி அந்தப் பேண்ட் பையில். பூட்டு யார்டில், இரண்டாம் நம்பர் கிரேனின் கரண்ட் பெட்டியில்.

எங்கள் யார்டில் ஒரு கண்டிப்பு உண்டு. ரிப்பேருக்காகக் கிரேனுக்குள் ஏறும் ஒவ்வொருவனும் கரண்ட் பெட்டியில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். நாலு பேர் ஏறினால் நாலு பூட்டு. சாவி அவனவன் பையில். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் கரண்ட் வரும். அடுத்தவன் பூட்டை யாரும் தொடக்கூடாது — அவன் உள்ளே படுத்து வேலை செய்துகொண்டிருக்கலாம், மயங்கிக்கூடக் கிடக்கலாம்.

நான் கழற்றாமல் வந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கிரேன் நின்றது. கீழே கண்டெய்னர் ஏற்ற வந்த டிரெய்லர்கள் வரிசையில். மேலே, அறுபது அடி உயரத்துக் கேபினில் கிரேன் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு. அந்த ஆபரேட்டர் என் மகள் ஜெஸ்லின். இதைவிட ஒரு அப்பனுக்கு என்ன வேண்டும்?

மேனேஜர் வரதன் சார் கட்டரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாராம். சீனாக்கார இன்ஜினீயர் லியாங் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு நகரவே இல்லையாம். அந்த ஆள் வாயால் சொல்லட்டும், அப்புறம் வெட்டுங்கள் என்று.

கடைசியில் என் மனைவி தங்கபுஷ்பத்தின் போனுக்கு அடித்து, அவள் கோயிலுக்குள் வந்து என் தோளைத் தட்டி... வேட்டியோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். கையில் ஈரச் சாவி. லியாங்கின் போன் அவன் சொல்வதைத் தமிழில் பேசும். மேடைப் பேச்சாளர் மாதிரி பேசும். "மதிப்பிற்குரிய அம்புரோஸ் அவர்களே, தாங்கள் உயிருடன் இருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது" என்றது. யார்டே சிரித்தது.

சௌக்கத் அலி, என்னோடு இருபது வருடமாகக் கம்பி இழுப்பவன், சாவியை வாங்கி மோந்து பார்த்தான். "இன்னா மாமு, சாவிக்கும் சேத்து ஞானஸ்நானம் குடுத்துட்டியா?"

ஜெஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அவரு தடுக்கலைன்னா வெட்டிகீறுவாங்க நைனா. நீ உள்ள கீறியா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. பட்டனை அமுக்குறது நான். புரியுதா? நான்."

புரிந்தது. போய் வாளியிலிருந்த பேண்ட்டை அலசிக் காயப் போட்டேன்.

22 ஜூலை, செவ்வாய்

லியாங் வந்து இரண்டு மாதம். கிரேன் செய்த கம்பெனி அனுப்பிய ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் தம்பி என்பேன். அவன் என்னை அண்ணா என்பான். அந்த ஒரு சொல் மட்டும் போன் உதவியில்லாமல் வரும். மற்றபடி எங்களுக்குள் மொழி சாக்பீஸ்தான். இரும்புத் தகடு எங்கே இருந்தாலும் அவன் ஸ்பிரிங் வரைவான், நம்பர் போடுவான், நான் தலையாட்டுவேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு இதுவே சௌகரியம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் படமாக வரைந்திருந்தால் நானும் கலெக்டர்.

டீக்கடையில் ஒருத்தன், "எல்லையில அவனுங்களோட சண்டை, இங்க நீ தோஸ்தா?" என்றான். எல்லையை நான் பார்த்ததில்லை. கிரேன் அவர்கள் ஊர் இரும்பு. அதற்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள்தானே மருந்து சொல்ல வேண்டும் என்றேன். பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. நடந்து வரும்போது இன்னும் நல்ல பதில் ஒன்று தோன்றியது. எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

மதியம் தங்கபுஷ்பம் கட்டிக் கொடுத்த நெத்திலிக் குழம்பைப் பங்கு போட்டோம். என் விரல் மையைப் பற்றிப் பேச்சு வந்தது — போன தேர்தல் கதை. உங்கள் ஊரில் எப்படி என்று போனில் கேட்டுவிட்டேன். அவன் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் சாப்பிட்டான். பிறகு போனை எடுத்து எதையோ சொன்னான். "தங்கள் வாக்கினால் தங்கள் ஊரில் என்ன மாறியது?" என்று கேட்டது அது.

எண்ணூர்க் காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் குழம்பை வழித்துச் சாப்பிட்டோம்.

31 ஜூலை, வியாழன்

அமெரிக்கா நம் சரக்குக்கு இருபத்தைந்து சதவீதம் வரி போடப்போகிறதாம். அவர்களும் ஓட்டுப் போடுகிறவர்கள், நாமும் ஓட்டுப் போடுகிறவர்கள். பங்காளிச் சண்டை போல.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்னொரு இருபத்தைந்து. இது இந்த மாதம் 27ஆம் தேதியிலிருந்து. அதற்கு முன் கப்பல் ஏறிய சரக்குக்கு இது கிடையாது. அவ்வளவுதான், ஆந்திராவிலிருந்து இறால் கண்டெய்னர்கள் எங்கள் யார்டில் வந்து குவிகின்றன. குளிர்ப்பெட்டிகள், பகலெல்லாம் உறுமல். எங்களிடம் இருப்பதே இரண்டு கிரேன். அதில் இரண்டாம் நம்பருக்குப் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது.

வரதன் சார் கேட்டார்: "27க்குள்ள ரெண்டும் ஓடணும் அம்புரோஸ். ஓடுமா?"

"ஓடும் சார்" என்றேன். என் வாய்க்கு முதலில் ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

14 ஆகஸ்ட், வியாழன்

தூக்கிய கண்டெய்னரைக் காற்றில் பிடித்து நிறுத்த இரண்டு பிரேக். கட்டைகள் புது மாடல், லியாங் கம்பெனியிலிருந்து வந்தவை. முதல் பிரேக் முடித்தான். இரண்டாவதில் கட்டையைப் பொருத்தியாகிவிட்டது. ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்குவது என்பதுதான் மிச்சம். முதல் பிரேக்கின் அளவு இதற்கு ஆகாது, இது வேறு சைஸ். நான் அலுவலகத்திலிருந்து பழைய அளவுத் தாளை எடுத்து வந்தேன். லியாங் அதை வாங்கி மடித்து, என் சட்டைப் பையிலேயே திணித்தான். தகட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். இந்தத் தாள் பழைய கட்டைக்கு. புதுக் கட்டைக்கு வேண்டாம். மீதி சனிக்கிழமை, நாளை லீவு.

வேலை பாதியில் இருந்தால் பூட்டைக் கழற்றுவதில்லை. என் சிவப்புப் பூட்டும் அவன் நீலப் பூட்டும் பெட்டியில் தொங்குகின்றன.

16 ஆகஸ்ட், சனி

லியாங் இல்லை.

நேற்று மதியம் அவன் கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். ஒரு மணி நேரத்தில் பெட்டியோடு விமான நிலையம் போய்விட்டானாம். இங்கே இருக்கும் அவர்கள் ஆட்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். விசா தகராறு என்கிறான் ஒருத்தன். அவர்கள் அரசாங்கமே மெஷின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்கிறது என்கிறான் இன்னொருத்தன். நம் பக்கம்தான் போகச் சொன்னது என்கிறான் மூன்றாமவன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் பூட்டு இங்கே. சாவி அவன் பையில், ஆகாயத்தில்.

பிரேக் பாதியில்.

18 ஆகஸ்ட், திங்கள்

வரதன் சார் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பூட்டை வெட்ட அதில் மூன்று வரி. பூட்டுக்காரரிடம் பேசினேன் — எந்த நம்பரில், எத்தனை மணிக்கு. அவர் மெஷினுக்குள் இல்லை. அவர் வேலை முடிந்தது. கூட வேலை செய்தவன் கையெழுத்துப் போட வேண்டும். கூட வேலை செய்தவன் நான்.

"அவன் சீனாவுல இருக்கான்னு ஊருக்கே தெரியும். போடுங்க" என்றார்.

"ரெண்டாவது வரிக்குப் போடுறேன் சார். முதல் வரியும் மூணாவதும் பொய்யாச்சே."

"பழைய தாள்ல அளவு இருக்கு. அதை வெச்சு முடிங்க."

"அந்த அளவு இந்தக் கட்டைக்கு ஆகாதுன்னு அவரே சொன்னாரு சார்."

"வேற அளவு உங்ககிட்ட இருக்கா?"

இல்லை. தளர்ந்தால் கண்டெய்னர் நழுவும். கீழே டிரெய்லர் டிரைவர். இறுகினால் கட்டை எரிந்து, ஒரு நாள் மொத்தமாகக் கைவிடும். சரியான இடம் நடுவில் ஒரு முடி அகலம். அதைக் குருட்டாம்போக்கில் தேட முடியாது.

அவருக்கும் அழுத்தம். கெட்ட மனிதர் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து நாளுக்குப் பத்து போன். அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதமும் ஒட்டிவிட்டார்கள்: அந்தக் கம்பெனி ஆட்களோடு தலைமை அலுவலகம் தவிர யாரும் தொடர்பு வைக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

தலைமை அலுவலகம் சீனாவுக்கு மெயில் போட்டிருக்கிறது. பதில்: பரிசீலனையில் உள்ளது.

20 ஆகஸ்ட், புதன்

பரிசீலனையில் உள்ளது.

21 ஆகஸ்ட், வியாழன்

ஒன்றாம் நம்பர் கிரேன் ஓய்வில்லாமல் ஓடுகிறது. டிரெய்லர் வரிசை கேட்டுக்கு வெளியே ரோடு வரை. இறாலுக்காக ஓங்கோலிலிருந்து வந்த ஒரு டிரைவர் என்னிடம், "ஒரு பூட்டை வெட்ட இம்மாம் பேஜாரா சார்?" என்றான். பாவம், அவன் தலைக்கு மேலேதான் அந்தப் பெட்டி தொங்கப்போகிறது.

வரதன் சார் முடிவாகச் சொல்லிவிட்டார். திங்கள்கிழமை காலை வரை. அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு பிட்டரை வைத்துப் பழைய தாளின்படி முடித்து ஓட்டுவார்கள். திங்கள் முதல் ஷிப்ட் ஜெஸ்லின்.

சௌக்கத்திடம் சொன்னேன். யோசித்தான். "என் மச்சான் மலேசியாவுல, கிள்ளான் துறைமுகத்துல கீறான்ல? அங்கயும் இதே கம்பெனி கிரேன்தான். அந்தாளுங்க அங்க வந்து போய்கினுதான் கீறாங்க. கேட்டுப் பாக்கட்டா?"

"நோட்டீஸ் பாத்தல்ல? மாட்டினா ரெண்டு பேருக்கும் வேலை போவும்."

"நோட்டீஸ்ல சீனாக்காரன்கிட்டதானே பேசாதன்னு கீது. மச்சான்கிட்ட பேசாதன்னா கீது?"

இவன் சட்டம் படித்திருக்க வேண்டியவன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஜெஸ்லினை அந்த ஷிப்டில் போட வேண்டாம் என்று கேட்டுவிடலாமா? ஒரு வார்த்தை சொன்னால் வரதன் சார் மாற்றிவிடுவார். இன்று இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். இரண்டாவது தடவை அவரே பார்த்து, "என்ன அம்புரோஸ்?" என்றார். "மின்விசிறி சத்தம் போடுதா சார், பாக்கட்டுமா?" என்றேன். நல்ல மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வந்தேன்.

அவள் இறங்கினால் இன்னொரு ஆபரேட்டர், பவானி பையன் ஏறுவான். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். கீழே டிரைவர் மாறவா போகிறான்?

சாப்பிடும்போது ஜெஸ்லினே கேட்டாள். "பூட்டை வெட்டப் போறாங்களா நைனா?"

"பாப்போம்."

"நீ கையெழுத்து போடாத. அவரு உனக்காக நின்னாரு." கொஞ்சம் கழித்து, "போட மாட்டல்ல?"

தங்கபுஷ்பம் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் கேட்கவில்லை. பேச்சை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி அது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் சௌக்கத். தலையில் தொப்பி, கையில் போன். ஓரமாகக் கூட்டிப்போனான்.

மச்சான் அனுப்பிய ஒரு படம். எங்கோ ஓர் இரும்புத் தகடு. சாக்பீஸில் ஒரு ஸ்பிரிங். பக்கத்தில் 37, அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே ஒரு பூட்டு வரைந்து, குறுக்கே ஒரே கோடு — வெட்டு. தகட்டின் ஓரத்தில் லியாங் தன் நிஜச் சாவியையே வைத்திருந்தான். வரைந்தது தான்தான் என்று எனக்குத் தெரிவதற்கு.

மச்சான் குரலையும் போட்டுக் காட்டினான்: "மாமா, அவரு பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாதாம். வந்துச்சுன்னா அவங்க ஊர்ல வேலை போறதோட நிக்காதாம். ரெண்டு தடவை சொல்லச் சொன்னாரு."

இரண்டு தடவை கேட்டேன். படத்தையும் குரலையும் கோயில் மதிலுக்குப் பக்கத்திலேயே அழிக்கச் சொன்னேன். சௌக்கத் அழித்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா மாமு, சந்தோஷமா சிரியேன்."

எப்படிச் சிரிப்பது? அளவு கிடைத்தது, அதோடு அவன் வேலை முடிந்த மாதிரிதான். அனுமதியும் கிடைத்தது. ஆனால் படிவத்தின் முதல் வரி? எந்த நம்பரில், எத்தனை மணிக்கு. உண்மையை எழுதினால் அவன் தொலைந்தான். எழுதாவிட்டால்...

இதை இங்கே எழுதுவதுகூடத் தப்புதான். ஆனால் எங்காவது ஓரிடத்தில் நிஜம் இருக்க வேண்டாமா? இந்த நோட்டை ஒருத்தரும் தொட மாட்டார்கள். என் கையெழுத்து அப்படி.

25 ஆகஸ்ட், திங்கள்

முதல் வரியை அடித்தேன். பக்கத்தில் "பேசவில்லை. என் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரதன் சார் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு வாரமா மாட்டேன்னீங்க?"

"இறால் கெட்டுப்போயிடும் சார்."

நானே வெட்டினேன். வேறு யாரும் வெட்டக் கூடாது என்று தோன்றியது. நீலப் பூட்டு இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. ஜெஸ்லின் கேபின் ஏணியின் அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

முதலில் பழைய தாளின் அளவையே வைத்துக் காட்டினேன். கீழே ஆள் யாரும் இல்லாமல், நிறை கண்டெய்னரை ஓர் அடி மட்டும் தூக்கச் சொன்னேன். நின்றது. அப்புறம் மெதுவாக, யாரோ கூப்பிட்டது போல, இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அது அறுபது அடியிலிருந்து என்றால்?

பிறகு 37 வைத்தேன். தூக்கினாள். கயிற்று உருளையில் ஒரு கோடு போட்டுவிட்டு அதையே பார்த்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். கோடு அசையவில்லை.

வரதன் சார் பக்கத்தில் வந்து நின்றார். "முப்பத்தேழுன்னு எப்படித் தெரியும்?"

"குத்துமதிப்புதான் சார்."

ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். "இதுக்கு மேல நான் கேட்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

விடிந்ததிலிருந்து இரண்டு கிரேனும் ஓடுகின்றன. ஜெஸ்லின் நூற்றுக்கு மேல் பெட்டி ஏற்றினாளாம். யார்டே பேசுகிறது.

என்னோடு பேசவில்லை. ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வெடித்தாள்.

"அவர்கிட்ட பேசினியா?"

"இல்லம்மா."

"பேசாமயே வெட்டினியா?"

"அவருதான் ஊர்ல இல்லியே..."

"அதுக்கில்ல நைனா! நாளைக்கு நீ உள்ள கீறப்போ, அம்புரோஸ் வூட்டுக்குப் போய்கீறாரு வெட்டுங்கடான்னு ஒருத்தன் சொல்வான். வெட்டுவான். நான் மேல இருந்து ஓட்டுவேன். அந்த மனுசன் உன் பூட்டுக்கு முதுகைக் குடுத்து நின்னாரு. நீ அவரு பூட்டை... ச்சீ, உன்னப் போயி நான்..." முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவளிடமாவது சொல்லிவிடலாமா? சொன்னால் அவளும் ஒளிக்க வேண்டும். நாளைக்கு விசாரணை வந்தால் அவளையும் கேட்பார்கள். அவளுக்குப் பொய் வராது. அம்மா வீட்டு ரத்தம்.

27 ஆகஸ்ட், புதன்

கடைசி இறால் பெட்டியும் நேற்றே கப்பல் ஏறிவிட்டதாம். யார்டில் சுண்டல் கொடுத்தார்கள், பிள்ளையார் சதுர்த்தி.

3 செப்டம்பர், புதன்

விசாரணை. தலைமை அலுவலகப் பாதுகாப்பு அதிகாரி, தமிழ் தெரியாதவர். வரதன் சார்தான் மொழிபெயர்த்தார். நான் சொன்னதைவிட நல்லதாகவே மொழிபெயர்த்தார். இருந்தும் எழுத்தில் என் கையெழுத்து இருக்கிறதே. பேசாமல் வெட்டியது பெரிய குற்றம். வேலை போகவில்லை. என் சிவப்புப் பூட்டை வாங்கிக்கொண்டார்கள். பூட்டு இல்லாதவன் கிரேனுக்குள் ஏற முடியாது. இனி தண்டவாளத்துக்குக் கிரீஸ் போடுவது, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பது.

ஐம்பத்து நாலு வயதில் ஸ்டோர்கீப்பர். உட்கார நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. முட்டி வலிக்கு நல்லது என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

2 அக்டோபர், வியாழன்

ஜெஸ்லின் இப்போது "சாப்டியா", "வரேன்" என்ற அளவுக்குப் பேசுகிறாள். முன்னேற்றம்தான்.

28 அக்டோபர், செவ்வாய்

கல்கத்தாவிலிருந்து சீனாவுக்கு நேர் விமானம் மறுபடி விட்டுவிட்டார்களாம், அஞ்சு வருடம் கழித்து. சௌக்கத் பேப்பரைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டான். டீ வாங்கிக் கொடுத்தான்.

19 நவம்பர், புதன்

வரதன் சார் ஸ்டோருக்கே வந்தார். சங்கடமாக இருந்தது அவருக்கு. ஆணி டப்பாவை எடுத்து எடுத்து வைத்தார்.

லியாங்கின் கம்பெனி மறுபடி சர்வீஸ் ஒப்பந்தம் போடத் தயாராம். உதிரிப் பாகம் வரும், அளவுத் தாள் வரும், ஆள் வருவார். ஆனால் எங்கள் பாதுகாப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் ஊழியரின் பூட்டு அவர் சம்மதம் இல்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு, வெட்டியவர் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஊழியர் முன்னால். அது பதிவாக வேண்டும்.

"உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றார்.

லியாங் முன்னால். லியாங்கிடம். லியாங் பூட்டை வெட்டியதற்கு.

சிரிப்பு வந்துவிட்டது சார் எதிரிலேயே. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

"கேக்குறேன் சார்" என்றேன். கேட்காவிட்டால் ஏன் என்று தோண்டுவார்கள். தோண்டினால் அவன்தான் கிடைப்பான்.

24 நவம்பர், திங்கள்

காலை பதினொரு மணிக்குக் கூட்ட அறையில் பெரிய டிவி. கிரேன் ஆட்கள் எல்லாரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜெஸ்லின் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அந்தப் பக்கம் நீள மேஜை, கோட் போட்ட ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால், சுவரோரம், லியாங். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். மெலிந்திருந்தான். யூனிபார்ம் வேறு நிறம். இப்போது வெளியூர் வேலைக்கு அனுப்புவதில்லையாம், உள்ளேயே ஏதோ பிரிவாம்.

எங்கள் பெரிய அதிகாரி பேசினார். நாடுகளுக்குள் என்ன இருந்தாலும் நம் கூட்டுறவு ஒரு நாளும் அறுபடவில்லை என்றார். அவர்கள் தலைவரும் அதையே சொன்னார். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். லியாங்கும் தட்டினான்.

என்னைக் கூப்பிட்டார்கள். காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். "ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி, திரு. லியாங் அவர்களின் பூட்டை, அவரைக் கேட்காமல், அவர் சம்மதம் இல்லாமல் வெட்டினேன். அது தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." ஒரு பெண் அதைச் சீன மொழியில் சொன்னார்.

தலைவர் திரும்பி லியாங்கைக் கேட்டார், ஏற்றுக்கொள்கிறாயா என்று. அவன் எழுந்தான். வாயைத் திறந்தான், மூடினான். டிவி நின்றுவிட்டதோ என்று ஒருத்தர் ரிமோட்டைத் தேடினார். பிறகு மேஜையைப் பார்த்தபடி ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். "ஏற்றுக்கொள்கிறார்" என்றார் அந்தப் பெண். மறுபடி கைதட்டல்.

பொங்கலுக்குப் பிறகு ஆள் அனுப்புவார்களாம். யார் என்று சொல்லவில்லை. அவன் இல்லை என்று தெரிந்தது.

சாயங்காலம் கத்திவாக்கம் ஸ்டேஷனில் நின்றபோது ஜெஸ்லின் வந்து பக்கத்தில் நின்றாள். ஒரே பெட்டியில் ஏறினாள். என் சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"அந்தாளு அழுதாரா நைனா?"

"டிவில கலங்கலா தெரிஞ்சிது."

"ரொம்பப் பெரிய மனசு அவருக்கு. உடனே மன்னிச்சுட்டாரு பாரு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நீயும்தான். தப்பு பண்ணே, அத்தினி பேரு முன்னாடி ஒத்துகினே. போதும் நைனா. எனக்கு இப்ப உன் மேல கோவம் இல்ல."

"சரிம்மா" என்றேன்.

அவர்தான் வெட்டச் சொன்னார், கண்ணு. நான் கேட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.